ரவுண் நூலகமா, பக்கத்து நூலகமா? சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஓர் ஒப்பீடு

ஆகஸ்ட் விடுமுறை நெருங்கினால் யாழ்ப்பாணத்துப் பெற்றோர் மத்தியில் ஒரு கேள்வி வரும்: "பிள்ளையை எந்த லைப்ரரியில் சேர்க்கலாம்?" கேட்பவருக்கே பதில் தெரிந்திருக்கும். யாழ் பொது நூலகம்தான், வேறென்ன? நாங்கள் இருப்பது வலிகாமத்தில், ரவுணுக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம் பிடிக்கும் ஒரு கிராமத்தில். ஏழு வயதில் மகள், நாலு வயதில் மகன். இரண்டு இடத்திலும் அட்டை எடுத்து வைத்திருக்கிறோம். கிழமைக்குக் கிழமை வீட்டுக்குப் புத்தகம் வருவதோ பிரதேச சபையின் சின்ன நூலகத்தில் இருந்து. ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் எழுதப்போகிறேன். நடுநிலையாக எழுதுவதாகப் பாவனை செய்யவில்லை. என் சாய்வு சின்ன நூலகத்தின் பக்கம்தான்.

முதலில் மற்ற வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கடையில் வாங்குவது. நல்ல தாளில், நல்ல படங்களோடு வரும் தமிழ்ச் சிறுவர் நூல்களில் பெரும்பங்கு இன்னும் இந்தியாவில் இருந்துதான் வருகிறது. 100 இந்திய ரூபா அச்சிட்ட புத்தகம் 2021இல் நாணய மாற்றுக் கணக்கில் மட்டும் நம்முடைய 270 ரூபா அளவில் இருந்தது. 2022 முடிகிற நேரம் அதே புத்தகம் 440ஐத் தொட்டது. கப்பல் கூலியும் கடைக்காரரின் இலாபமும் இதற்கு மேல். 2024 தொடக்கத்தில் புத்தகத்துக்கும் 18 வீத வற் வரி வந்தது வேறு கதை. பதினாறு பக்கப் படக்கதையை ஏழு வயதுப் பிள்ளை பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு "அடுத்தது?" என்று கேட்கும். மாதம் முழுக்க வாங்கிக் கொடுக்க எங்களால் முடியாது. முடிந்தவர்கள் வாங்கட்டும். எழுதுபவர்களுக்கும் அது நல்லது.

போனில் வாசிப்பது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடக்கின்றன. திறந்த உரிமத்தில் வருவதால் அச்சடித்தும் கொடுக்கலாம். மழை நாளுக்கும் கொழும்புப் பஸ் பயணத்துக்கும் நல்லது. வீட்டில் அது அவ்வளவாகச் சரிவரவில்லை. கதை முடிய முதலே விரல் யூடியூப் பக்கம் போய்விடுகிறது. இது எங்கள் வீட்டுக் கதை. கட்டுப்பாடான பிள்ளைகள் வேறு வீடுகளில் இருக்கலாம்.

சனசமூக நிலையத்து வாசிகசாலையையும் சொல்லாமல் விடக்கூடாது. பத்திரிகை வாசிக்கும் பெரியவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சிறுவர் புத்தகம் இரவல் எடுப்பதென்றால் பெரும்பாலும் கைவிரிப்புத்தான்.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம்.

யாழ் பொது நூலகத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1933இல் க.மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய வாசிப்பு முயற்சி, 1959இல் திறக்கப்பட்ட வெள்ளைக் கட்டடம், 1967இல் வந்த சிறுவர் பகுதி, 1981இல் வைத்த தீயில் போன ஏறத்தாழ 97,000 நூல்கள், பிறகு மறுபடி எழும்பியது. அங்கே பிள்ளையைக் கூட்டிப்போவது பாதி வாசிப்பு, பாதி நேர்த்திக்கடன். சரஸ்வதி சிலைக்கு முன்னால் படம் எடுக்காத குடும்பம் உண்டா? சேகரிப்பிலும் அதோடு போட்டி போட முடியாது. தமிழில் இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் எடுக்கலாம், ஒரே விடயத்தில் நாலைந்து நூல்களை வைத்து ஒப்பிடலாம். வாசித்து முடிய சுப்பிரமணியம் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைக்கு அந்தப் பகல் ஒரு திருவிழா.

அது திருவிழாவாக இருப்பதுதான் சிக்கலும். சனிக்கிழமை காலையில் ரியூசன் இல்லாத ஒரு இடைவெளி பார்த்து, பஸ் பிடித்து, நிலையத்தில் இறங்கி, வெயிலில் சின்னவனைத் தூக்கிக்கொண்டு நடந்து போய்வர அரை நாள் கழிந்துவிடும். ஓட்டோவில் போனால் வாடகைக் காசுக்கு ஒரு புத்தகமே வாங்கியிருக்கலாம். ரவுணுக்குள் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் இந்தக் கட்டுரையை இந்த இடத்தோடு மூடிவைத்துவிட்டுப் பொது நூலகத்துக்கே போகலாம்.

பக்கத்து நூலகத்தில் என்ன இருக்கிறது? பெருமைப்பட ஒன்றும் இல்லை. சிறுவர் பகுதி என்பது சுவரோரம் இரண்டு தட்டு அலுமாரி. பாதி நீதிக்கதைகள், கொஞ்சம் இந்தியப் படக்கதைகள், ரூம் டு ரீட் நிறுவனம் இங்கே தமிழில் வெளியிட்ட மெல்லிய புத்தகங்கள், நடுவில் எப்படியோ வந்து சேர்ந்த பரீட்சை வழிகாட்டிகள். முதுகு பிய்ந்தவற்றுக்குப் பழுப்பு நாடா ஒட்டியிருப்பார்கள். புதுப் புத்தகம் வருவது அந்த ஆண்டு சபை ஒதுக்கும் பணத்தைப் பொறுத்தது.

ஆனாலும் எங்கள் வீட்டில் அதுதான் வென்றது. காரணம் ஒன்றே ஒன்று: பிடிக்காத புத்தகத்தை நாளைக்கே திருப்பிக் கொடுக்கலாம்.

இது சின்ன விடயமாகத் தெரியும். கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் என்றால் மணந்து பார்த்து வாங்கலாம். சிறுவர் புத்தகத்தை வெளியில் இருந்து பார்த்து மதிப்பிட முடியாது. பிள்ளை அட்டைப் படத்தைப் பார்த்து எடுக்கும். நாங்கள் பின் அட்டையில் உள்ள "நற்பண்புகளை வளர்க்கும்" வரியைப் பார்த்து எடுப்போம். இரண்டு முறையிலும் பாதிக்கு மேல் பிழையாகிவிடும். படம் நல்லாயிருக்கும், கதை இருக்காது. கதை இருக்கும், எழுத்து எறும்பு அளவில் இருக்கும். எல்லாம் சரியாக இருந்தும், அன்றைக்கு மகளுக்கு யானை பிடிக்காமல் இருக்கும்.

பிழையாகிவிட்டால் அடுத்து என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். ரவுணில் இருந்து கொண்டுவந்த புத்தகம் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பயணம் வரைக்கும் அதுதான். அரை நாள் செலவழித்து எடுத்ததாச்சே என்று நாங்களும் விடமாட்டோம்: "எடுத்தது நீதானே, முடி." அடுத்த முறை அலுமாரிக்கு முன்னால் நின்று, "நல்லாப் பாத்து எடு, பிறகு ரெண்டு கிழமைக்கு வேற இல்லை" என்று சொல்லுவோம். பிள்ளை சுதாரித்துக்கொள்ளும். தெரிந்த கதையையே மறுபடி எடுக்கும், அல்லது "அப்பா, நீங்களே எடுங்கோ" என்று கையை விட்டுவிடும். மகள் இரண்டையும் செய்தாள். தெரிவு அவள் கையை விட்டுப் போனதும் ஆர்வமும் கூடவே போய்விட்டது.

பக்கத்து நூலகத்தில் அந்தப் பயம் இல்லை. ஒழுங்கையால் சைக்கிளில் போனால் ஐந்து நிமிடம். மாலை பள்ளி உடுப்பு மாற்றிய கையோடு போய்வரலாம். ஒருநாள் முதல் நாள் எடுத்த புத்தகத்தோடு அவளே மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஒரு நாளிலையே முடிஞ்சுதோ பிள்ளை?"

"முடியேல்லை. பிடிக்கேல்லை."

"அப்ப வேற எடுங்கோ."

நூலகர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மகள் எடுக்கும் புத்தகங்களே மாறிவிட்டன. கிணறு தோண்டுவதைப் பற்றி ஒன்று, வௌவால் பற்றி ஒன்று, பேய்க்கதை என்று நினைத்து எடுத்து ஏமாந்தது ஒன்று. பாதி மறுநாளே திரும்பிப் போயின. மிச்சப் பாதியில் இருந்துதான் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எங்களுக்கும் தெரியவந்தது. விலங்குகள் நல்ல பண்போடு பேசும் கதைகளை அவள் வெறுக்கிறாள். அதுவரை நாங்கள் வாங்கிக் கொடுத்ததெல்லாம் அதுதான்.

நூலகவியலில் பெயர்பெற்ற சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. யாழ் பொது நூலகத்தை அமைக்க ஆலோசனை சொன்னவரும் அவரேதான். அந்த விதியை அவர் நூலகத்துக்குள் தேடும் நேரத்தை நினைத்து எழுதியிருப்பார். சின்னப் பிள்ளையின் கணக்கில் நேரம் வீட்டுப் படலையில் இருந்தே ஓடத் தொடங்குகிறது.

புத்தகம் குறைவாயிற்றே என்பீர்கள். உண்மை. அதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. பின் அட்டையின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் திகதிச் சீட்டைப் பாருங்கள். முத்திரைகள் நெருக்கமாக, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் விழுந்திருந்தால் அதைப் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று பொருள். ஆண்டுக்கு ஒரு முத்திரை, அதுவும் ஒக்டோபரில் என்றால், வாசிப்பு மாதத்துக்காக யாரோ கடமைக்கு எடுத்தது. எந்த விமர்சனத்தையும்விட இந்தச் சீட்டை நம்பலாம். சீட்டே மாற்றி ஒட்டப்பட்ட, முதுகில் இரண்டு தரம் நாடா ஒட்டிய புத்தகம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுங்கள். கடையில் வாங்குவதும் இப்படித்தான் எங்களுக்கு மலிவானது. மகள் மூன்றாம் தரமும் புதுப்பிக்கச் சொன்னால், அதை மட்டும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

ஒக்டோபர் என்றதும் நினைவு வருகிறது. தேசிய வாசிப்பு மாதத்தில் எல்லா நூலகங்களிலும் ஏதாவது நடக்கும். பெரிய இடங்களில் கண்காட்சி, பரிசளிப்பு, பிரமுகர் உரை. பேச்சுப் போட்டிக்கு அம்மா எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை பாடமாக்கி ஒப்புவிக்கும். வாசிப்பின் மகிமையைப் பற்றிய அந்தப் பேச்சைத் தயாரிக்கிற இரண்டு கிழமையும் பிள்ளை ஒரு கதையும் வாசித்திராது. போட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. மேடைப் பயம் தெளிய நல்லது. வாசிப்புக்கு அதனால் என்ன கிடைத்தது என்று கேட்டால் எனக்குத் தெரிந்து பெரிதாக ஒன்றும் இல்லை.

சின்ன நூலகத்தில் வேறு மாதிரி ஒன்று செய்ய முடிந்தது. நாங்கள் இரண்டு மூன்று வீட்டார் கேட்டோம். மாலையில் ஆட்கள் குறைந்த நேரத்தில் ஒரு மூலையில் பாய் விரிக்க விட்டார்கள். யாராவது ஒரு பெரியவர் உரத்து வாசிப்பார், பிள்ளைகள் சுற்றி இருந்து கேட்பார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. பரிசும் இல்லை, கேள்வி கேட்டு மார்க் போடுவதும் இல்லை. அதிகம் பிரபலமானவர் பக்கத்து வீட்டு அம்மம்மா. அவர் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி வாசிப்பதில்லை. நரி வந்தால் நரிக்கு ஒரு குரல், இடையில் தன் சின்ன வயதுக் கதை ஒன்று, பிறகு "எங்கை விட்டனான்?" என்று பிள்ளைகளிடமே கேட்பார். இடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவர்கள் பக்கத்தில் விரல் வைத்துக் காத்திருப்பார்கள். நாலு வயது மகன் எழுத்துக் கூட்டத் தொடங்கியது அந்த விரலில் இருந்து. பெரிய நூலகத்தில் இப்படிச் செய்ய முடியாது என்று சொல்லமாட்டேன். நாங்கள் அங்கே கேட்டுப் பார்க்கவில்லை.

இந்தத் தீர்ப்பு எவ்வளவு காலம் நிற்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு தட்டு அலுமாரியைத் தீவிர வாசகியான பிள்ளை ஓர் ஆண்டுக்குள் முடித்துவிடும். மகள் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்துவிட்டாள். பத்து வயதுக்கு மேல், கதையோடு விண்வெளி, வரலாறு என்று தேடத் தொடங்கும்போது ரவுண் நூலகத்தைத் தவிர வேறு வழி இருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்த வயதில் பிள்ளை தடித்த புத்தகம் எடுக்கும், இரண்டு கிழமை தாங்கும், அரை நாள் பயணமும் வீண் போகாது. ஆனால் அதற்குள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வந்து எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிடும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் இன்னும் அந்த வாசலுக்கு வரவில்லை. இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளுக்கு எது பொருந்தும் என்பதிலும் எனக்குத் திடமான கருத்து இல்லை. மகன் அந்த வயதில் புத்தகத்தைக் கடித்தான், அதனால் நூலகப் புத்தகத்தை அவன் கையில் கொடுக்கவே இல்லை.

இப்போதைக்கு எங்கள் ஒழுங்கு இது: நாளாந்தத்துக்குப் பக்கத்து நூலகம், தவணை விடுமுறையில் ஒரு தடவை ரவுண். உங்கள் பக்கத்து நூலகம் மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதை முதலில் பாருங்கள். பள்ளி விட்டு வருவதற்குள் பூட்டுகிற நூலகம் என்றால் நான் மேலே எழுதியது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அங்கத்துவத்துக்கு வழக்கமாகப் பெற்றோரின் கையொப்பமும் வதிவிட உறுதிப்படுத்தலும் கேட்பார்கள். சில சபைகளில் அந்த எல்லைக்குள் வரி கட்டும் ஒருவரின் பிணையும் தேவைப்படும். படிவத்தை வாங்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போங்கள். அட்டை வர நாள் எடுத்தாலும் அன்றைக்கே அலுமாரியடியில் இருந்து வாசிக்க யாரும் தடுக்கமாட்டார்கள்.