லூசெர்ன்ல ஒரே ஒரு நாள் மலைக்கு: ரிகியா, பிலாட்டஸா, டிட்லிஸா?

சுவிஸ் சுத்திப் பாக்க வர்றவங்க நிறைய பேர் லூசெர்ன்ல ரெண்டு நைட் தங்குறாங்க, அதுல ஒரு பகலை மலைக்குன்னு ஒதுக்கிடுறாங்க, அப்புறம் எந்த மலைங்கிறதுலதான் குழப்பம். பேக்கேஜ் டூர்னா பெரும்பாலும் டிட்லிஸ்தான், பஸ்ஸுல கூட்டிட்டுப் போய் இறக்கிடுவாங்க. தனியா பிளான் பண்றவங்களும் 3,000 மீட்டர் எங்க 1,800 மீட்டர் எங்கன்னு உயரத்தை மட்டும் பாத்துட்டு கடைசில அங்கேயே போய் நிக்கிறாங்க. நான் இதுல வேற கட்சி. லூசெர்ன்ல ரூம் போடுறதே அந்த ஏரிக்காகத்தானே, மலைகளுக்கு நடுவுல கை கையா பிரிஞ்சு வளைஞ்சு வளைஞ்சு போற ஏரி, அதை ஹோட்டல் ஜன்னல்ல பாத்ததோட முடிச்சுட்டு போறது ரொம்ப பெரிய நஷ்டம். அதனால எந்த ட்ரிப்ல ஏரியும் சேர்ந்து வருதோ அதுக்குத்தான் என் ஓட்டு.

முதல்ல டிட்லிஸ். லூசெர்ன்ல ரயில் ஏறுனா முக்கால் மணி நேரத்துக்குள்ள எங்கெல்பெர்க், ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிஷ நடை, அங்க சின்ன கேபிள் கார்ல ஏறி ஸ்டாண்ட்ங்கிற ஸ்டேஷன் வரைக்கும் போய் மாறி, அடுத்து ரோட்டேர்னு ஒரு பெரிய வட்டமான கேபிள் கார், மேல போறதுக்குள்ள அதுவே மெதுவா ஒரு சுத்து சுத்திடும், அதனால ஜன்னல் ஓரத்துக்கு இடி வாங்க வேண்டியதில்ல. 1992லேயே இதைக் கொண்டு வந்துட்டாங்க. மேல் ஸ்டேஷன் 3,020 மீட்டர். ஐஸைக் குடைஞ்ச குகை, ஒரு மீட்டர் அகலத்துல 100 மீட்டர் நீளத்துக்கு தொங்குற பாலம், ஜூலைலயும் கால் புதையுற ஸ்னோ, எல்லாம் இருக்கு. ஷாருக் கஜோல் கட்-அவுட் கூட நிக்குது, அதுக்கு முன்னாடி ஃபோட்டோ எடுக்க நம்ம நாட்டு ஆளுங்க வரிசை கட்டி நிக்கிறதை பாக்கலாம்.

வாழ்க்கைல ஸ்னோவையே தொட்டதில்ல, குழந்தைங்க ஆசைப்படுறாங்க, வர்றது மே-செப்டம்பர் சீசன்னா யோசிக்கவே வேணாம், டிட்லிஸ்தான், மத்த ரெண்டு மலையிலயும் கோடைல ஸ்னோவை நம்பிப் போக முடியாது. ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, ஒரு மணி நேரத்துக்குள்ள ஆயிரத்துல இருந்து மூவாயிரம் மீட்டருக்கு ஏறிடுறோம், வயசானவங்களுக்கு மூச்சு வாங்கும், தலை சுத்தும், ஹார்ட் பிரச்சனை இருக்கறவங்க டாக்டரை கேக்காம ஏறவே கூடாது. ரெண்டாவது, மேகம் மூடுச்சுன்னா மேல வெறும் வெள்ளைதான், பக்கத்துல நிக்கிற ஆளு தெரிய மாட்டாரு, கொடுத்த காசு அவ்வளவும் தண்டம். மேல இருக்கற க்ளேசியரே, அதாவது பனிப்பாறையே, வருஷா வருஷம் சுருங்கிக்கிட்டு இருக்கு, கோடைல சில இடத்துல வெள்ளைத் துணி போட்டு மூடி வச்சிருப்பாங்க உருகாம இருக்க, அதைப் பாக்கும்போது மனசு என்னமோ பண்ணும். இவ்வளவு இருந்தும் லூசெர்ன் ஏரிங்கிறது இந்த ட்ரிப்ல இல்லவே இல்ல, கீழ ட்ரூப்ஸேன்னு ஒரு குட்டி மலை ஏரிதான், அதுல துடுப்பு படகு ஓட்டலாம், அழகாதான் இருக்கும், ஆனா அது வேற ஏரி.

அடுத்தது பிலாட்டஸ். உச்சி 2,128 மீட்டர், லூசெர்ன்ல எங்க நின்னாலும் தலைக்கு மேல தெரியுற மலை. ரயில் பைத்தியம் யாராவது வீட்ல இருந்தா மத்ததெல்லாம் மறந்துட்டு இங்கதான் போகணும், ஏன்னா உலகத்துலயே செங்குத்தான பல்சக்கர ரயில் (நடுவுல இருக்கற பல்லுத் தண்டவாளத்தை சக்கரத்தோட பல்லு கவ்வி ஏறுற ரயில்) இதுதான், 1889ல ஓட ஆரம்பிச்சது. எவ்வளவு செங்குத்துன்னா, நம்ம ஊட்டி ரயில்ல அதிகபட்ச சரிவு 12 அடிக்கு 1 அடி, இங்க அதிகபட்சம் 48 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 2 அடிக்கு 1 அடி. (ஊட்டி ரயிலோட பல்சக்கர முறையும் ஒரு சுவிஸ்காரர் கண்டுபிடிச்சதுதான், அங்க ஓடுன பழைய நீராவி இன்ஜின்கள் பலதும் இங்க வின்டர்தூர்ங்கிற ஊர்ல செஞ்சு வந்ததுதான்.) இந்தச் சரிவுல சாதாரண பல்சக்கரம் போட்டா பல்லு தண்டவாளத்தை விட்டு மேல ஏறிடும், அதனால எட்வார்ட் லோகர்ங்கிற இன்ஜினியர் பல்லை மேல பாக்க வைக்காம ரெண்டு பக்கமும் பாக்குற மாதிரி வச்சு, ரெண்டு சக்கரம் படுக்கை வசத்துல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கவ்விப் பிடிச்சு ஏறுற மாதிரி செஞ்சாரு. அடிவாரத்து ஸ்டேஷனான ஆல்ப்நாக்ஸ்டாட்ல ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் தண்டவாளத்தை எட்டிப் பாருங்க, நடுவுல அந்தப் பட்டையும் ரெண்டு ஓரத்து பல்லும் தெளிவா தெரியும். பிளாட்ஃபார்மே படிக்கட்டு படிக்கட்டாதான் இருக்கும்.

போற வழியும் அருமை. லூசெர்ன்ல போட் ஏறி ஆல்ப்நாக்ஸ்டாட், அங்கிருந்து ரயில்ல மேல, இறங்கும்போது அந்தப் பக்கமா கேபிள் கார்ல க்ரீன்ஸ், அங்கிருந்து 1ம் நம்பர் பஸ்ல லூசெர்ன், முழுசா ஒரு ரவுண்டு, போன வழியிலயே திரும்ப வர வேண்டியதில்ல. ஏரியும் வந்துடுது மலையும் வந்துடுது. அப்போ இது ஏன் முதல் இடம் இல்லன்னா, அந்தப் பல்சக்கர ரயில் பனிக்காலத்துல ஓடாது, சுமாரா மே-ல இருந்து நவம்பர் வரைக்கும்தான், டிசம்பர்ல வந்தா க்ரீன்ஸ் பக்கத்து கேபிள் கார்லயே ஏறி அதுலயே இறங்கணும், ட்ரிப்போட உயிரே போயிடும். இன்னொண்ணு காசு, சுவிஸ் ட்ராவல் பாஸ் (ரயில், பஸ், போட் எல்லாத்துக்கும் சேர்த்து டூரிஸ்ட்டுங்க எடுக்கற ஒரே டிக்கெட்) கையில வச்சிருந்தாலும் பிலாட்டஸுக்கு பாதி டிக்கெட் கட்டணும், டிட்லிஸுக்கும் அதேதான். நாலு பேர் குடும்பம்னா இது சின்ன தொகை இல்ல.

இப்ப ரிகி. 1,798 மீட்டர்தான், மூணுல குள்ளம் இதுதான், அதனாலேயே லிஸ்ட்ல கடைசில போட்டுடுறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். சுவிஸ் ட்ராவல் பாஸ் இருந்தா ரிகி முழுக்க ஃப்ரீ, போட்டும் ஃப்ரீ, தனியா ஒரு காசு கட்ட வேண்டாம். காலைல லூசெர்ன் ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தாலே எதிர்ல படகுத்துறை, கோடைல டைம் டேபிள்ல நீராவிக் கப்பல் எதுன்னு பாத்து அதுக்குன்னே நேரம் வச்சு போங்க. 1901ல கட்டுன ஊரி, 1906 ஷில்லர், 1928 ஸ்டாட் லூசெர்ன்னு மொத்தம் அஞ்சு பழைய துடுப்புச் சக்கர கப்பல் இன்னும் ஓடுது. உள்ள போனதும் சீட் பிடிக்க ஓடாதீங்க, நடுவுல கம்பி போட்டு திறந்து வச்சிருப்பாங்க, குனிஞ்சு பாத்தா கீழ எண்ணெய் மினுமினுக்க இரும்புத் தண்டு ஒவ்வொண்ணும் முன்னயும் பின்னயும் போய் வர்றது கண்ணு முன்னாடி தெரியும், சூடு முகத்துல அடிக்கும், என் கூட வந்த குழந்தைங்க யாரும் அந்த இடத்தை விட்டு அசையல.

ஒரு மணி நேரத்துல விட்ஸ்னாவ். இறங்குனா படகுத்துறைக்கு நேர் எதிர்லயே சிவப்பு ரயில் நிக்கும், இது 1871ல ஆரம்பிச்சது, ஐரோப்பாவோட முதல் பல்சக்கர மலை ரயில். அரை மணி நேரத்துல உச்சி. மேல ரிகி குல்ம்ல நின்னா ஒரு பக்கம் லூசெர்ன் ஏரி, இன்னொரு பக்கம் நேர் கீழ ட்ஸூக் ஏரி, அந்தாண்ட லாவர்ஸ் ஏரி, தெற்கால முழுக்க பனிமலை வரிசை. டிட்லிஸ் மேல நின்னா டிட்லிஸை பாக்க முடியாது, இங்க இருந்து பாக்கலாம். பனிக்காலத்துல இதைவிட அழகு, ஊர் முழுக்க மூடுபனில மூழ்கி கெடக்கும், ரிகி மட்டும் அதுக்கு மேல வெயில்ல காயும், கீழ பாத்தா ஏரி இருந்த இடத்துல வெள்ளையா இன்னொரு கடல்.

திரும்பறப்போ ரயில்ல இறங்காம குல்ம்ல இருந்து வழியில இருக்கற கால்ட்பாட் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வாங்க, எல்லாம் இறக்கம், நல்ல பாதை, ஒரு மணி நேரம் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், ரெயின்கோட்டும் தண்ணி பாட்டிலும் போதும், நடக்க முடியாத பெரியவங்க ரயில்லயே கால்ட்பாட் வந்து காத்திருக்கலாம். அங்கிருந்து கேபிள் கார்ல வெக்கிஸ், அதுவும் பாஸ்லயே வந்துடும். அங்க இறங்கி சரிவுல கொஞ்ச தூரம் நடந்தா படகுத்துறை, திரும்பவும் போட்.

மேல சாப்பாடு எந்த மலையிலயும் விலை ஜாஸ்திதான். லூசெர்ன் ஸ்டேஷன் கீழ உள்ள சூப்பர்மார்க்கெட்ல ரொட்டி, பழம், சீஸ் வாங்கிக்கங்க, இல்ல ரூம்ல புளிசாதம் கட்டிக்கங்க, ரிகில பெஞ்சுக்கு பஞ்சமே இல்ல.

ஸ்டான்ஸர்ஹார்ன் பத்தியும் கேப்பாங்க, மேல் மாடி திறந்த கேபிள் கார் உள்ள மலை, பாஸுக்கு ஃப்ரீ, பனிக்காலத்துல மூடிடுவாங்க. ரிகி ஏற்கனவே பாத்தவங்களுக்கு ரெண்டாவது மலைன்னா நான் டிட்லிஸுக்கு முன்னாடி இதைத்தான் சொல்லுவேன்.

கடைசியா மழை. காலைல எந்திரிச்சதும் மலை உச்சியோட வெப்கேம் பாருங்க, மூணுலயும் நேரலை இருக்கு, வெள்ளையா தெரிஞ்சா எந்த மலைக்கும் டிக்கெட் எடுக்காதீங்க, முன்னாடியே ஆன்லைன்ல புக் பண்ணி மாட்டிக்காதீங்க. அன்னைக்கு போட்ல ஃப்ளூலன் வரைக்கும் போங்க, ஏரியோட அந்தக் கோடி, கிட்டத்தட்ட மூணு மணி நேரம், பாஸ் இருந்தா இதுவும் ஃப்ரீ. 1291ல சுவிஸ் நாடு பிறந்ததா சொல்ற ரூட்லி புல்வெளி வழியில வரும், தண்ணிக்குள்ள இருந்து நேரா எழும்புற பாறைச் சுவர்ல மேகம் பாதிக்கு இறங்கி நிக்கும், மழைல அந்தப் பக்கம் வெயில் நாளைவிட எனக்குப் பிடிக்கும். திரும்ப ஃப்ளூலன்ல இருந்து ரயில்ல ஒரு மணி நேரத்துல லூசெர்ன் வந்துடலாம், குழந்தைங்க தூங்கிடுவாங்க.