ஏபிஎஸ் விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள், பிரேக்கைச் சரிசெய்யவில்லை

முன்பக்க இடது சக்கரத்திலிருந்து உறுமல் கேட்டதால், சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பேரிங்கை மாற்றுவதற்காகக் காரை ஒரு பணிமனையில் விட்டேன். மாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய சில நொடிகளிலேயே மீட்டரில் மஞ்சள் நிற ஏபிஎஸ் (பலமாகப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தது. உடனே திரும்பிச் சென்று காட்டினேன். வண்டியில் பதிவான பிழைகளைக் காட்டும் ஸ்கேனரை இணைத்துப் பார்க்காமலேயே, "மாட்யூல் போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்" என்றார்கள். ஏபிஎஸ்ஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் மாட்யூல். அதுவரை ஒருமுறைகூட எரியாத விளக்கு, அவர்கள் கைவைத்த சக்கரம் சுழலத் தொடங்கியதும் ஏன் எரிகிறது என்று நான் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, புதிய மாட்யூலுக்கு அவர்கள் சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வண்டி திரும்பி வந்தபோது விளக்கு அணைந்திருந்தது. ஆனால் பிரேக் பெடல் முன்னைவிட ஆழமாக, பஞ்சை மிதிப்பதுபோல் இறங்கியது. புதிய பாகம் என்பதால் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார்கள். இப்படிப் பஞ்சுபோல் இறங்கும் பெடல் ஓட ஓடச் சரியாவதில்லை என்பதை இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் திரவம் ஓடும் குழாய்களில் காற்று சிக்கியிருப்பதால்தான் பெரும்பாலும் பெடல் அப்படி இறங்கும். திரவத்தைப்போல் அல்லாமல் காற்று அழுத்தத்தில் சுருங்கிவிடும், அந்த அளவுக்குப் பிடிப்பும் குறையும்.

சில நாட்கள் கழித்து, மழையில் நனைந்த சாலையில் முன்னால் சென்ற வண்டி திடீரென நின்றது. பெடலை முழுவதுமாக மிதித்தேன். ஏபிஎஸ் வேலை செய்யும்போது காலடியில் தடதடவென்று ஒரு அதிர்வு தெரியும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமலிருக்க அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுக் கொடுப்பதால் வருவது அது. அன்று அந்த அதிர்வு வரவே இல்லை. சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே வழுக்கிச் சென்றது. ஒரு கை அகல இடைவெளியில் நின்றது. பின்னிருக்கையில் என் அம்மா இருந்தார்.

மறுநாள் சாவியைத் திருப்பியபோதுதான் மீட்டரை நிதானமாகக் கவனித்தேன். இக்னிஷன் போட்டதும் மற்ற எச்சரிக்கை விளக்குகளுடன் ஏபிஎஸ் விளக்கும் சில நொடிகள் எரிந்து, சோதனை முடிந்ததும் அணைய வேண்டும். என் வண்டியில் அது எரியவே இல்லை. வேறொரு மெக்கானிக் மீட்டரைக் கழற்றியபோது, அந்த விளக்கின்மீது கறுப்பு டேப் ஒட்டப்பட்டிருந்தது. ஸ்கேனரில் இடது முன்சக்கர வேக சென்சாரின் சிக்னல் இல்லை என்ற பிழை பதிவாகியிருந்தது. வண்டியை மெதுவாக ஓட்டியபடி நேரடி அளவுகளைப் பார்த்தோம்: மூன்று சக்கரங்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் காட்ட, இடது முன்சக்கரம் மட்டும் 0 காட்டியது. புதியது என்று சொல்லிப் போட்ட மாட்யூலிலோ வேறொரு வண்டியின் அடையாள எண் இருந்தது.

உண்மையான கோளாறு பேரிங்கில்தான் இருந்தது. இப்போதைய பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கத்தை மூடும் சீலிலேயே காந்த வளையம் பதிக்கப்பட்டிருக்கும். அதற்கு மிக அருகில் நிற்கும் சென்சார், வடதுருவமும் தென்துருவமும் மாறி மாறிக் கடப்பதை எண்ணித்தான் சக்கரத்தின் வேகத்தை அறிகிறது. கழற்றிய பேரிங்கின்மேல் மெக்கானிக் ஒரு தாளை வைத்து, கொஞ்சம் இரும்புத் தூளைத் தூவினார். ஒரு பக்கத்தில் தூள் சும்மா கிடந்தது. மறுபக்கத்தில் சீப்புப் பற்களைப்போல் வரிவரியாக எழுந்து நின்றது. அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். முதல் பணிமனையில் பேரிங்கைப் பக்கம் மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். அழுத்தி வெளியே எடுத்த பேரிங்கை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பதால் புதியது ஒன்று வாங்க நேர்ந்தது. மாட்யூலின் மென்பொருள் அமைப்பை என் வண்டிக்கு ஏற்றபடி மாற்றி (கோடிங் செய்து), ஸ்கேனர் வழியாக அதன் பம்பையும் வால்வுகளையும் இயக்கிக் காற்றை வெளியேற்றிய பிறகே பெடல் பழையபடி மேலே நின்றது. மாட்யூலுக்குள் காற்று புகுந்துவிட்டால், பல வண்டிகளில் நான்கு சக்கரங்களிலும் வழக்கம்போல் ஏர் எடுப்பது மட்டும் போதாது.

ஆகவே, யாராவது மாட்யூல் போய்விட்டது என்று சொன்னால், எந்தப் பிழைக் குறியீடு வந்தது என்பதை எழுத்தில் கேளுங்கள். வண்டி ஓடும்போது நான்கு சக்கரங்களின் வேகத்தையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். சென்சார், அதன் ஒயர், இணைப்பு, காந்த வளையம் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் மாட்யூலைச் சந்தேகிக்க வேண்டும். கழற்றிய பாகத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். எனது பழைய மாட்யூலைத் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள், அது நல்ல நிலையில்தான் இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பெரும்பாலும் வேலை செய்யும், மெதுவாக ஓட்டிப் பணிமனைக்குப் போகலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, பெடல் தரைவரை இறங்கினாலோ வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஸ்கேனர் பதிவு, டேப் ஒட்டிய விளக்கின் படம், அந்தப் பேரிங் ஆகியவற்றோடு முதல் பணிமனைக்குப் போய்க் கேட்டேன். பேரிங் மாற்றிய கூலியை மட்டும் திருப்பித் தந்தார்கள். டேப் ஒட்டியது யார் என்ற கேள்விக்கு அங்கிருந்த ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மாட்யூலுக்குக் கொடுத்த பணத்தைக் கேட்டு எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன்.