ரோடியமா, என்சைமா? ஒரு கைரல் அமீனுக்காக நாங்கள் எடுத்த முடிவு

சென்ற கோடையில் எங்கள் பிளான்ட்டுக்கு, ரோடியம் வழியில் அழுத்தத்தில் ஹைட்ரஜன் ஏற்றப் புது ஆட்டோகிளேவ் வாங்குவதா, என்சைம் வைக்க ஒரு ஃப்ரீசர் வாங்குவதா என்று மூன்று வாரம் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் வந்தது ஃப்ரீசர்தான். அதற்காக வாதாடியவன் நான் என்பதால் இந்த அலசல் என்சைம் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

எங்கள் இடம் தடாவுக்கும் சூளூர்பேட்டைக்கும் நடுவில். ஷிப்டில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கமிருந்து ரயிலேறி வருகிறவர்கள். கன்ட்ரோல் ரூமில் தெலுங்கு, டீக்கடையில் தமிழ். வந்த வேலை இது: ஒரு கீட்டோனை எஸ் வடிவ அமீனாக மாற்ற வேண்டும். அது கைரல் சரக்கு: வலக்கை, இடக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவம் உண்டு, எங்களுக்கு வேண்டியது எஸ் மட்டும். ஈ.ஈ., அதாவது வேண்டிய வடிவம் மறு வடிவத்தைவிட எத்தனை சதவீதம் மிகுதி என்கிற கணக்கு, 99.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. அதாவது ஆயிரம் மூலக்கூறில் மறு கை வடிவம் இரண்டு, மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது.

டார்டாரிக் அமிலம் போட்டு உப்பாகப் பிரிக்கிற பழைய வழியும் உண்டு. ஆனால் அதில் பாதிச் சரக்கு வேண்டாத கையாகத் தங்கிவிடும், அதைத் திருப்பிப் பயன்படுத்த இன்னொரு வேலை. எங்கள் கீட்டோன் விலைக்கு அது கட்டுப்படியாகாது. விட்டுவிட்டோம்.

மிச்சம் இரண்டு. ரோடியம் அல்லது இரிடியம் வினையூக்கியோடு ஹைட்ரஜன் ஏற்றுவது ஒன்று. ஒரு மூலக்கூறிலிருந்து அமீன் பகுதியை எடுத்துக் கீட்டோனுக்குக் கொடுக்கிற டிரான்ஸமினேஸ் என்சைம் இன்னொன்று.

ஹைட்ரஜனேற்றத்தைக் குறைத்துப் பேச முடியாது. வேதியியலாளர்கள் நோல்ஸுக்கும் நோயோரிக்கும் 2001-ல் நோபல் கிடைத்ததே இந்த வழிக்குத்தான். மெட்டலாகுளோர் களைக்கொல்லியின் எஸ் வடிவத்தை 1996 முதல் இரிடியம் வைத்து ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேல் செய்கிறார்கள். 80 பார் அழுத்தம், 50 டிகிரி. ஒரு இரிடியம் மூலக்கூறு பத்து லட்சத்துக்கும் அதிகமான இமீனை, அதாவது அமீனுக்கு முந்திய நிலைப் பொருளை, கவனித்துக்கொள்கிறது. அந்த அளவுக்கு முன்னால் எங்கள் என்சைம் நிற்காது. ஆனால் அங்கே ஈ.ஈ. 80 சதவீதம் சுற்றி இருந்தாலே போதும். வயலில் தெளிக்கிற சரக்கு. எங்களுடையது மாத்திரைக்குள் போவது.

மாத்திரை என்றால் சர்க்கரை நோய் மருந்தான சிட்டாகிளிப்டின் கதைதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். மெர்க் மருந்து நிறுவனம் முதலில் ரோடியம் வைத்து, ஏறத்தாழ 17 பார் ஹைட்ரஜனில் செய்தது. ஈ.ஈ.யும் போதவில்லை, ரோடியமும் சரக்கோடு வந்தது. இரண்டையும் சரிசெய்யும்போது ஈல்டு கொஞ்சம் போயிற்று. 2010-ல் கோடெக்சிஸ் என்ற என்சைம் நிறுவனத்தோடு சேர்ந்து டிரான்ஸமினேஸுக்கு மாறினார்கள். அந்தக் கீட்டோனுக்கு இரண்டு பக்கமும் பருமன். தொடங்கிய என்சைமின் குழிக்குள் அது நுழையவே இல்லை. 27 இடங்களில் அமினோ அமிலங்களை மாற்றி, லிட்டருக்கு 200 கிராம் கீட்டோனை, பாதிக்குப் பாதி டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் கலந்த நீரில், 45 டிகிரியில் ஓடவைத்தார்கள். ஈ.ஈ. 99.95-க்கு மேல். மொத்தக் கழிவு 19 சதவீதம் குறைந்தது.

சரி, இதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறு: பேட்ச் முடிந்த பிறகு வருகிற வேலை.

ரோடியத்துக்கான வரம்பு, வாய்வழி மருந்தென்றால் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம். சரக்கில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. கார்பன் போட்டு வடிகட்டி, சாம்பிளைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, ரிப்போர்ட் வரும்வரை டிரம்களைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். கூடவே ரோடியத்தின் விலை. 2016-ல் அவுன்ஸ் ஆயிரம் டாலருக்கும் கீழே கிடந்தது, 2021 மார்ச்சில் 29,000 டாலரைத் தாண்டியது. செலவழிந்த ரோடியத்தை மீட்டுத் தருகிறவரிடம் அனுப்பி, எத்தனை கிராம் திரும்பி வந்தது என்று கணக்குப் பார்க்கிற வேலையைச் சின்ன பிளான்ட்டில் யார் செய்வது? முன்பு வேறொரு சரக்குக்கு இதைச் செய்து பார்த்திருக்கிறேன். அனுப்பிய எடையும் வந்த எடையும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

என்சைமின் தொல்லையோ கண்ணெதிரே நடக்கும். எங்கள் முதல் 500 லிட்டர் பேட்ச் அப்படித்தான். வினை அருமையாக முடிந்தது. அமீனைப் பிரித்தெடுக்க ஐசோபுரொப்பைல் அசிட்டேட் கரைப்பானை ஊற்றிக் கலக்கிவிட்டு நிறுத்தினால் அடுக்கு பிரியவே இல்லை. சைட் கிளாஸில் டார்ச் அடித்துப் பார்த்தேன்: மேலே ஒரு சாண் தெளிவு, கீழே முழுக்க மஞ்சள் நுரை. மஞ்சளுக்குக் காரணம் என்சைமுக்குத் துணையாகப் போடும் பி.எல்.பி., அதாவது வைட்டமின் பி6-இன் ஒரு வடிவம். அது கையுறையிலும் ஏறும். இரவு இரண்டு மணி. ஷிப்ட் சூப்பர்வைசர், ஆரம்பாக்கத்துக்காரர், எட்டிப் பார்த்தார்.

"மோர் மாதிரி நிக்குது தம்பி. புளிப்பு காட்டினாத்தானே திரியும்?"

"காட்டிப் பார்க்கலாம்ண்ணே."

ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பி.எச்.சை 2-க்கு இறக்கிக் கொஞ்சம் சூடேற்றினோம். புரதம் தயிர்க் கட்டி போலத் திரண்டது. செலைட் என்ற வடிகட்டும் தூளின் படுக்கையில் வடிகட்டியதும் அடுக்கு கோடு போட்டதுபோல் பிரிந்தது. அமீன் உப்பாக நீரில் தங்கியது, மிஞ்சிய கீட்டோன் கரைப்பானோடு போயிற்று. பிறகு காஸ்டிக் விட்டு அமீனை எடுத்தோம். இப்போது அந்த அமிலப் படி எங்கள் பேட்ச் ஷீட்டிலேயே இருக்கிறது. ஒரு ராத்திரித் தூக்கம் போனது, அவ்வளவுதான். வெளி லேப் தேவைப்படவில்லை.

என்சைமில் குறை இல்லை என்று சொல்லமாட்டேன். அமீன் கொடுப்பதற்கு ஐசோபுரொப்பைலமீன் போடுகிறோம். அது கொதிப்பதே 32, 33 டிகிரியில். மே மாதத்தில் டிரம் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று சீறும், மீன் கவிச்சை கேட் வரை போகும். டிரம்மைக் குளிரவைத்துவிட்டுத்தான் தொடுகிறோம். வினையில் பிறக்கிற அசிட்டோனை வாக்குவத்தில் இழுத்தால்தான் சமநிலை நம் பக்கம் வரும். இழுக்கும்போது ஐசோபுரொப்பைலமீனும் கூடவே போகும், பி.எச். பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். என்சைம் தூள் ஃப்ரீசரில் இருக்க வேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டரோடு முதலில் ஓடுவது அதற்குத்தான். அப்புறம், என்சைம் விற்பவர் ஒருவரே. அவர் விலையேற்றினால் பேசுவதற்கு நம் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

இரண்டாம் நிலை அமீனுக்கு இமீன் ரிடக்டேஸ் என்று இன்னொரு குடும்பம் வந்திருக்கிறது. நான் அதைக் குடுவை அளவில் இரண்டு முறை ஓட்டியதோடு சரி. அந்த அனுபவத்தை வைத்து யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன்.

அடுத்து வருகிற கீட்டோனுக்கு இரண்டு பக்கமும் பருமன். பல என்சைம்களை ஒரே நேரத்தில் சோதித்துப் பார்க்க 96 குழி ஸ்கிரீனிங் தட்டு வரச் சொல்லியிருக்கிறேன். சூப்பர்வைசர் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நேற்று பார்த்தால் பழைய 50 லிட்டர் ஆட்டோகிளேவுக்கு கேஸ்கட் மாற்றிக்கொண்டிருந்தார்.