லைவ் ராக் வாங்குவோர் கவனத்திற்கு: ஊதா நிறத்தை நம்பி ஏமாந்தேன்

மார்த்தாண்டத்தில் குடியிருக்கும் நான், வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம், களியக்காவிளை தாண்டிக் கேரளப் பக்கத்தில் உள்ள ஒரு கடையில், லைவ் ராக் (கடலில் கிடந்து உயிரினங்கள் குடியேறிய துளையுள்ள கல்) என்று சொல்லி விற்கப்பட்ட 10 கிலோ கல்லைக் கிலோ 850 ரூபாய் வீதம் வாங்கி வந்து, இரண்டே இரவில் மூன்று மீன்களைப் பறிகொடுத்தேன். அதே கற்கள் இன்னும் அங்கே விற்பனையில் இருப்பதைக் கண்டதால் இதை எழுதுகிறேன்.

லைவ் ராக்கின் மதிப்பெல்லாம் அதன் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாவில்தான் இருக்கிறது. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை அவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. கல் நாட்கணக்கில் நீருக்கு வெளியே கிடந்தால், துளைகளில் இருக்கும் கடற்பஞ்சும் புழுவும் சிப்பியும் செத்து அழுகி, எந்த அம்மோனியாவைப் போக்க அதை வாங்கினோமோ அதே அம்மோனியாவைத் தொட்டிக்குள் கொட்டும்.

கடையில் கற்கள் நீல விளக்கின் கீழ் நீரில் கிடந்தன. அந்த வெளிச்சத்தில் எல்லாமே அழகான ஊதாவாகத் தெரிந்தன. "நேத்து வந்த சாதனம் சாரே, அப்படியே தொட்டியில இறக்கலாம்" என்றார் கடைக்காரர். தூத்துக்குடிப் பக்கத்துச் சரக்கு என்றும் சொன்னார். நீர் சொட்டச் சொட்ட, ஈரச் சாக்கோடு சேர்த்தே எடை போட்டார். பில்லில் 'அலங்காரக் கல்' என்று எழுதியிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே கவனித்தேன்.

மறுநாள் இரவு தொட்டியின் மூடியைத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. க்ளவுன் மீன்கள் இரண்டும் நீரின் மேல்மட்டத்தில் ஒரு மூலையில் ஒதுங்கி, செவுள்கள் படபடவென அடிக்க மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. எப்போதும் மஞ்சளாகவே நிற்கும் அம்மோனியா சோதனைக் குழாய் ஐந்து நிமிடத்தில் கரும்பச்சையாக மாறியது. 8.2இல் இருந்த பிஎச் (நீரின் அமில-கார அளவு) 8.7ஐத் தொட்டிருந்தது. இருந்த கடல்நீரையெல்லாம் மாற்றியும், விடிவதற்குள் ஒரு க்ளவுன் மீனும் இரண்டு டாம்செல் மீன்களும் இறந்துவிட்டன.

கற்களை வெளியே எடுத்துக் கத்தியால் சுரண்டிப் பார்த்தேன். நான்கு கற்களில் ஊதா நிறம் தோல் உரிவது போல் உரிந்து வந்தது. உள்ளே இருந்தது சாம்பல் நிறச் சிமெண்டும் மணலும். புதுச் சிமெண்ட் நீரின் பிஎச்சை உயர்த்தும். பிஎச் உயர உயர அதே அளவு அம்மோனியாவின் நஞ்சு கடுமையாகும். மற்றக் கற்களைச் சுத்தியலால் உடைத்தபோது, கறுத்த சேற்றுக்கு நடுவே வாய் மூடிய நிலையிலேயே அழுகிப்போன ஒரு சிப்பி கிடந்தது. வெண்மையான உடைபரப்பில் பூப்பூவாகப் பவளத்தின் வடிவம் தெளிவாகத் தெரிந்தது.

அந்த வடிவம்தான் என்னை அதிகம் கலங்கடித்தது. கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டவை. செத்த பவளத்துண்டை விற்பது மட்டுமன்றி, வாங்கி வைத்திருப்பதும் குற்றம். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் பவளப்பாறை வெட்டியதால் கடலில் மூழ்கிப்போனவை. எங்கிருந்து வந்தது என்று துருவிக் கேட்காமல் நான் வாங்கியது பெரும் தவறு. துண்டுகளை எழுத்து மூலம் தெரிவித்து வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டேன்.

கல் வாங்குவோர் முதலில் நீல விளக்கை அணைக்கச் சொல்லி வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல லைவ் ராக்குக்கு ஊதா நிறம் தருவது அதன்மேல் படரும் கோரலைன் என்னும் சுண்ணாம்புப் பாசி. உண்மையான கோரலைன் பாசி ஓரிடத்தில் இளஞ்சிவப்பாகவும் ஓரிடத்தில் கருஞ்சிவப்பாகவும் திட்டுத்திட்டாக, கல்லோடு கல்லாக இறுகியிருக்கும்; நகத்தால் கீறினால் வராது. நல்ல கல் அதன் உருவத்துக்குக் கனம் குறைவாக இருக்கும். முகர்ந்தால் கடல் வாசனை மட்டுமே வர வேண்டும். எதை வாங்கினாலும் தனி வாளியில் கடல்நீரும் காற்றுக் குழாயும் வைத்து ஊறவிட்டு, அம்மோனியா பூச்சியத்தில் நிலைத்த பிறகே தொட்டியில் இறக்குங்கள். பவளத்தைத் தொடவே வேண்டாம்; அதற்குப் பதிலாகத் துளையுள்ள பீங்கான் கற்கள் கிடைக்கின்றன. பழைய கடல்நீர்த் தொட்டி ஒன்றிலிருந்து வடிகட்டிப் பஞ்சு சிறிது வாங்கிப் போட்டால், சில வாரங்களில் பாக்டீரியா அவற்றிலும் குடியேறிவிடும்.

கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோன சரக்குக்குத் தாம் பொறுப்பில்லை என்றார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பில், சோதனைக் குழாயின் படங்கள், உரிந்த ஊதாப் படலம் ஆகியவற்றை வைத்து நாகர்கோவிலில் மனுக் கொடுக்க ஆயத்தமாகிறேன். மிஞ்சிய க்ளவுன் மீன் நேற்றுதான் முதன்முறையாக மூலையை விட்டு வந்து இரை எடுத்தது.