குட்டியானைக்கு எந்த போர்டு ஃபிரேம்?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். மீன் ஏற்றுகிற குட்டியானை (டாடா ஏஸ்) வண்டி அந்த நாட்களில் தண்ணீர் கேனுக்கோ பார்சலுக்கோ போயாக வேண்டும். பக்கவாட்டில் பெரிய வஞ்சிரம் படம் இருந்தால் கேன் வாங்குகிறவர் முகம் சுளிப்பார். ஆகவே மாற்றுகிற மாதிரி போர்டு. கடைக்காரர் காட்டுவது நான்கு வகை.

காந்த ஷீட்டைப் பார்த்ததும் ஆசை வரும். ஒட்டினால் ஒட்டும், இழுத்தால் வரும். ஆனால் இரும்புத் தகட்டில் மட்டும். மீன் வண்டியின் ஃபைபர் பெட்டியில் பிடிக்காது. கேபின் கதவில் ஒட்டினாலும் அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். உப்பு ஈரமும் மணலும் அடியில் தங்கினால் பெயிண்ட் போய்விடும். கடைப்பெயர், போன் நம்பர் அளவுக்குச் சரி.

ஓரத்தை நெம்பித் திறக்கிற ஸ்னாப் ஃபிரேமில் படம் மாற்ற ஓர் ஆள் போதும். மதுரையில் ஓடும் வண்டி என்றால் இதைத்தான் சொல்வேன். மண்டபத்தில் சொல்ல மாட்டேன். சட்டம் அலுமினியம்தான், உள்ளே இருக்கிற ஸ்பிரிங் எஃகு. அது துருப்பிடித்து இறுகினால், நெம்புகிற நெம்பில் சட்டமே வளையும்.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று, மேலும் கீழும் பள்ளச் சட்டம் அடித்து ஏசிபி ஷீட்டை (இருபுறமும் அலுமினியத் தகடு ஒட்டிய பிளாஸ்டிக் பலகை) தள்ளிச் செருகுவது. குட்டியானையின் தொட்டி நீளம் ஏழடிக்குச் சற்று மேல். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றை வெட்டினால் ஒரு பக்கம் முடிந்தது. மீனுக்கு ஒன்று, கேனுக்கு ஒன்று என வைத்துக்கொண்டு வருஷா வருஷம் மாற்றலாம். ஆரம்பச் செலவு கூடுதல், பள்ளத்தில் ரப்பர் பட்டை (பீடிங்) இல்லாவிட்டால் வழியெல்லாம் தடதடக்கும்.

இன்னொன்று, ஃப்ளெக்ஸின் ஓரத்தை மடித்து, உள்ளே கயிறு வைத்து ஒட்டி, அலுமினியப் பள்ளத்தில் நுழைப்பது. பாவாடை நாடா மாதிரிதான். பிரிண்ட் மலிவு, ஆகவே ஆடி அமாவாசைக் கூட்டத்துக்கென்று தனியாக ஒன்று அடித்தாலும் கை கடிக்காது. நுழைக்க இரண்டு பேர் வேண்டும். கீழ்ச்சட்டத்தை இழுத்து இறுக்க வழி இல்லையென்றால் வாங்காதீர்கள். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவந்தார்கள். பக்கத்துச் சாலைப் பாலத்தில் தொளதொளத்த ஃப்ளெக்ஸ் அடித்து அடித்தே கிழியும். ஓட ஓடப் பின்பக்கம் நகரவும் செய்யும், இரு முனையிலும் தடுப்பு ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள்.

என் ஓட்டு, அடிக்கடி வாசகம் மாற்றுகிறவருக்குக் கயிற்று ஃப்ளெக்ஸ். வருஷத்துக்கு இரண்டே முறை மாற்றுகிறவருக்கு ஏசிபி.

எதை எடுத்தாலும் ஸ்க்ரூவைக் கேட்டு வாங்குங்கள். சாதா இரும்பு வேண்டவே வேண்டாம். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூடக் கடலோரத்தில் பழுப்புக் கறை கட்டும், 316 தாங்கும். ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒட்டி இருந்தால் அரிப்பு அலுமினியத்துக்குத்தான், நடுவே நைலான் வாஷர் கட்டாயம். மீன் தண்ணீரும் கழுவும் தண்ணீரும் கீழ்ப்பள்ளத்தில்தான் தேங்கும். அடியில் நாலைந்து ஓட்டை போடச் சொல்ல வேண்டும்.

பின்கதவில் சட்டமே வேண்டாம். நம்பர் பிளேட், விளக்கு, ஒளிரும் பட்டை எதுவும் மறையக் கூடாது. பெயிண்டில் போன் நம்பர் எழுதினால் போதும்.