போக்கர் ஆப்: மென்பொருளுக்கு நாலு நட்சத்திரம், ஆனாலும் வேண்டாம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "அண்ணா, பழைய போக்கர் ஆப்ல காசு டேபிளையே காணோம். வாட்ஸ்அப்ல ஒரு கிளப் லிங்க் வந்திருக்கு, காசை ஏஜென்ட் கையில குடுத்து ஆடணுமாம். ஏஜென்ட் நம்ம சேலத்து ஆளுதானாம். சேரலாமா?" வேண்டாம் என்பதுதான் பதில். காரணம் சட்டம் மட்டும் இல்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டெக்சாஸ் ஹோல்டெம் ஆடத் தெரிந்தவர்களுக்கு எழுதுவதால் விதிகளுக்குள் போகவில்லை.

வெளிப்படையாக நடந்த அந்தப் பழைய ஆப்களில் மனதார மெச்ச வேண்டியது ஹேண்ட் ஹிஸ்டரி. ஆடிய ஒவ்வொரு ஹேண்டும் (ஒரு முறை சீட்டுப் போட்டு முடிக்கும் ஆட்டம்) எழுத்து வடிவில் கிடைக்கும்: யார் எந்த இருக்கை, யாரிடம் எவ்வளவு சிப்ஸ், யார் எப்போது பந்தயத்தை ஏற்றினார் (ரெய்ஸ்), கடைசியில் என்ன சீட்டு காட்டினார். வீட்டில் சீட்டுக்கட்டோடு பத்து வருடம் ஆடினாலும் கிடைக்காத பாடம் இதில் கிடைத்தது.

ஒரு கணக்கு பாருங்கள். பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணம், 300 ரூபாய்; எதிராளி 150 கட்டுகிறார். நம் கையில் ஆர்ட்டின் இரண்டு, தரையில் ஆர்ட்டின் இரண்டு, வர வேண்டியது ரிவர் எனும் கடைசிச் சீட்டு மட்டும்; அதுவும் ஆர்ட்டின் என்றால் ஐந்தும் ஒரே இனம், ஃப்ளஷ். 150 போட்டு 450 எடுக்கப் பார்க்கிறோம் என்றால் 25 சதவீத வாய்ப்பாவது வேண்டும். மிச்சமிருக்கும் 46 சீட்டில் ஆர்ட்டின் 9, அதாவது 19.6 சதவீதம். ரிவரில் எதிராளியிடமிருந்து மேற்கொண்டு பணம் வரவில்லை என்றால், இப்படி ஒவ்வொரு முறை கால் செய்யும்போதும் (எதிராளி கட்டிய அளவு நாமும் கட்டும்போதும்) சராசரியாக 33 ரூபாய் போகிறது. ஆடும் வேகத்தில் இது யாருக்கும் உறைக்காது. ஹேண்ட் ஹிஸ்டரியை எக்செல்லில் போட்டு, ஃப்ளஷுக்குக் காத்திருந்து கால் செய்த ஹேண்டுகளை மட்டும் பிரித்துப் பார்த்தால் பணம் எந்த ஓட்டை வழியாகப் போனது என்று தெரிந்துவிடும். இந்த ஒன்றுக்காகவே மென்பொருளுக்கு நாலு நட்சத்திரம்.

இனி ரேக். இதைப் பற்றிப் பேசாமல் போக்கரைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. ஃப்ளாப் (தரையில் விரியும் முதல் மூன்று சீட்டு) பார்த்த ஒவ்வொரு பாட் தொகையிலிருந்தும் வழக்கமாக 5 சதவீதம், ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு, நடத்துபவருக்குப் போகும். நகைக்கடையில் சேதாரம் போல, பில்லில் சின்னதாகத் தெரியும், கூட்டினால்தான் கனம் புரியும். 5/10 டேபிள் (கட்டாயமாகப் போட வேண்டிய சின்ன பிளைண்ட் 5 ரூபாய், பெரிய பிளைண்ட் 10 ரூபாய்), ஆறு பேர், 100 ஹேண்ட் என்று வையுங்கள். அதில் 60 ஹேண்ட் ஃப்ளாப் வரை போகிறது, சராசரி பாட் 12 பெரிய பிளைண்ட் என்றால் டேபிளிலிருந்து 36 பிளைண்ட் வெளியே போகிறது. ஆளுக்கு 6 பிளைண்ட், 60 ரூபாய். மணிக்கு 75 ஹேண்ட் ஓடும். எதிரே உட்கார்ந்திருப்பவரை ஜெயித்தால் மட்டும் போதாது, 100 ஹேண்டுக்கு 6 பிளைண்டுக்கு மேல் ஜெயித்தால்தான் வீட்டுக்கு ஒரு ரூபாயாவது வரும். உச்சவரம்பு பெரிய டேபிள்காரர்களுக்குத்தான் உதவும். சின்ன டேபிளில் பாட் அந்த வரம்பைத் தொடுவதே அபூர்வம். குறைவாகப் பணம் வைத்திருப்பவர்தான் விகிதப்படி அதிகம் கொடுக்கிறார். எத்தனை பேர் எத்தனை முறை எழுதிக் கேட்டும் மாறாத விஷயம் இது. எரிச்சல் தீரவே இல்லை.

அதன் மேல் வரி. 2023 அக்டோபர் 1 முதல் டெபாசிட் தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி. 1000 ரூபாய் கட்டினால் 218.75 வரியாகப் போய் 781.25-க்குத்தான் சிப்ஸ். பல ஆப்கள் போனஸ் கொடுத்து இதை மறைத்தன, ஆனால் போனஸுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரி 40 சதவீதம். அதற்குள் காசு டேபிள்களே போய்விட்டன. இதற்கும் முன்பே, 2023 ஏப்ரல் முதல், நிகர வெற்றியில் 30 சதவீத டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி. ஆண்டின் நடுவில் ஜெயித்து எடுத்தவர் பிற்பாதியில் தோற்றால், பிடித்த வரியைத் திரும்பப் பெற ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். வெளியே எடுத்த தொகை, போட்ட தொகை, ஆண்டின் தொடக்க இருப்பு, கடைசி இருப்பு ஆகிய நான்கையும் தனித்தனியே குறித்து வைக்காதவர் பாடு திண்டாட்டம்.

தடை, அனுமதி, மறுபடி தடை என்று ஆப் மூடித் திறந்த கதை எல்லாருக்கும் தெரியும். 2020 நவம்பரில் தமிழ்நாடு தடை செய்தது. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022 அக்டோபரில் அவசரச் சட்டம், 2023 ஏப்ரலில் முழுச் சட்டம். அதே ஆண்டு நவம்பர் 9 அன்று, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், தடைப் பட்டியலில் வராது என்று அதே உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு. 2025 பிப்ரவரியில் ஆதார் சரிபார்ப்பும், இரவு 12 முதல் காலை 5 வரை பூட்டும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் பெற்ற ஒன்றிய அரசின் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவே பார்க்காமல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடுத்தது. அதை எதிர்த்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

இதில் ஆட்டக்காரர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. போக்கரில் ஒருவருக்குத் திறமை இருக்கிறதா என்று எண்களால் அறிய எவ்வளவு ஆட வேண்டும்? ஆறு பேர் டேபிளில் 100 ஹேண்டுக்கு 90 பிளைண்ட் அளவுக்கு ஏற்ற இறக்கம் சாதாரணம். ஒரு லட்சம் ஹேண்ட் ஆடிய பிறகும், உண்மையில் 100 ஹேண்டுக்கு 5 பிளைண்ட் ஜெயிக்கக்கூடியவரின் கணக்கு சற்றே நஷ்டமாகவும் தெரியலாம், 10-க்கு மேலும் தெரியலாம். ஒரு லட்சம் ஹேண்ட் என்பது 1,333 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் என்றால் ஏறக்குறைய இரண்டு வருடம். மேலே சொன்ன தேதிகளை வரிசையாகப் பாருங்கள், இரண்டு வருடம் தடங்கலில்லாமல் நின்ற சட்டநிலை எது? திறமை ஆட்டம் என்று வாதாடிய எவருக்கும் தன் திறமையைத் தன் கணக்கிலேயே நிரூபிக்க அவகாசம் கிடைக்கவில்லை.

பூட்டு நேரமும் போட்டிகளைத்தான் அடித்தது. இரவு 8 மணிக்குத் தொடங்கிய பெரிய டோர்னமென்ட் ஐந்து மணி நேரம் ஓடியது. இறுதி டேபிள் வரும்போது தமிழ்நாட்டுக்காரர் உள்ளே இருக்க முடியவில்லை. ஆடி இழப்பவர்களைக் காக்கப் போட்ட விதி அது, அந்த நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குறைந்த நுழைவுக் கட்டணத்தில் நிறைய நேரம் ஆடும் வழி டோர்னமென்ட்தான். அதை அடைத்துவிட்டு, பணம் வேகமாகக் கரையும் கேஷ் டேபிளைப் பகல் முழுக்கத் திறந்து வைத்தது சரியாகப் படவில்லை.

யார் ஆடினார்கள்? நம் பக்கத்தில் பெரும்பாலும் ரம்மியிலிருந்து வந்தவர்கள், ஆப்ஷன் டிரேடிங் பார்ப்பவர்கள், வீட்டிலிருந்து வேலை செய்யும் ஐடி பிள்ளைகள். ரம்மிக்காரருக்கு டிராப், அதாவது ஆட்டத்தை விட்டு விலகும் பழக்கம் உண்டு: முதல் டிராப் 20 புள்ளி, நடுவில் 40, முழுத் தோல்வி 80. விலை முன்கூட்டியே எழுதப்பட்டது. போக்கரில் தொடர்ந்து இருப்பதற்கான விலையை எதிராளி நிர்ணயிக்கிறார், ஒவ்வொரு சுற்றிலும் ஏற்றுகிறார். 80-க்கு மேல் போகாது என்ற நினைப்போடு வந்தவர் ரிவர் வரை கால் செய்துகொண்டே போவார். டேபிள் ஓடியதே இவர்களால்தான். தடை வந்ததும் முதலில் போனவர்களும் இவர்கள்தான். மிச்சமிருப்பவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். கணக்குத் தெரிந்த ஆறு பேர் ஒரே டேபிளில் உட்கார்ந்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுப்பதைவிட ரேக் எடுப்பதுதான் அதிகம். நாளைக்கே தடை நீங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அந்த ஆறு பேரில் எத்தனை பேர் மனிதர்கள் என்பது அடுத்த சந்தேகம். புளூரிபஸ் என்ற நிரல் 2019-லேயே ஆறு பேர் ஹோல்டெமில் உலகத்தரத் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அதன் அடிப்படைப் பயிற்சிக்கு 64 கோர் கணினி ஒன்றும் எட்டு நாளும் போதுமானதாக இருந்தது. கிளப் ஆப்பில் மனிதரைப் போல ஆடும் இப்படிப்பட்ட நிரலைப் பிடிக்க ஆள் வைப்பது யார், ஏஜென்டா?

 

இப்போது அந்த லிங்க். கிளப்பில் ஆப் வெறும் ஸ்கோர் பலகை. பணம் ஏஜென்ட் கையில், யுபிஐ வழியாக. பழைய ஆப்பில் நான் மெச்சிய ஹேண்ட் ஹிஸ்டரியை எடுத்துக்கொண்டு போய்க் காட்ட அங்கே ஒரு புகார்ப் பிரிவு கிடையாது. இரண்டு பேர் வாட்ஸ்அப்பில் சீட்டைச் சொல்லிக்கொண்டு ஆடினால், அதைக் கண்டுபிடிக்க வேண்டியவரே ரேக்கில் பங்கு வாங்குபவர். இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரிது. ஜெயித்த பணம் யாரோ ஒருவர் கணக்கிலிருந்து வரும். அந்தக் கணக்கில் மோசடிப் பணம் கலந்திருந்து எங்கோ ஒருவர் புகார் கொடுத்தால் சைபர் கிரைம் கோரிக்கையில் உங்கள் வங்கிக் கணக்கு முடங்கும். பட்டறைக் கூலி போட வைத்த கணக்கு என்றால் சனிக்கிழமை சம்பளம் நின்றுவிடும்.

ஒன்றிய சட்டத்தில் ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை, 50 லட்சம் வரை. "நாலு பேரைச் சேர்த்துவிடு, கமிஷன் தர்றேன்" என்று ஏஜென்ட் சொன்னால், லிங்கை அனுப்பும் அந்த நிமிடமே நீங்கள் வெறும் ஆட்டக்காரர் இல்லை.

ஆகவே மென்பொருளுக்கு நாலு, ரேக்குக்கு ஒன்று, கிளப்புக்கு ஒன்றுகூட இல்லை. பழைய ஆப்பை நீக்கும் முன் மூன்று வேலை: மிச்சப் பணத்தை எடுங்கள், டிடிஎஸ் விவரம் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்கிறதா பாருங்கள், ஹேண்ட் ஹிஸ்டரியை மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளுங்கள். ஏஜென்டுக்கு ஏற்கெனவே பணம் அனுப்பி அவர் ஏமாற்றியிருந்தால் யுபிஐ பரிவர்த்தனை எண், உரையாடல் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். இழந்ததை மீட்கிறேன் என்று அதே ஏஜென்டுக்கு மறுபடி அனுப்ப வேண்டாம்.