பிரசவ அறைக்குள்ளேயே ஒத்திகை: மாமாநாட்டலி எப்படி?

பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கைச் சமாளிக்கச் செவிலியர்களுக்குப் பயிற்சி தர நினைப்பவர்கள் லேர்டால் குளோபல் ஹெல்த்தின் மாமாநாட்டலி என்ற பிரசவப் பயிற்சிக் கருவியைத் தாராளமாக வாங்கலாம், ஆனால் வகுப்பறையில் வைக்காதீர்கள், பிரசவ அறைக்கே கொண்டுபோங்கள்.

இது முழு பொம்மை இல்லை. பயிற்சியாளர் தன் வயிற்றின் மேல் கட்டிக்கொள்ளும் கருவி. உள்ளே கருப்பை, குழந்தை, நஞ்சுக்கொடி, செயற்கை இரத்தம் எல்லாம் உண்டு. கருப்பையைத் தளர்த்துவதும் இறுக்குவதும் அவர் கையில், நாம் கருப்பையைச் சரியாக மசாஜ் செய்தால்தான் இரத்தத்தை நிறுத்துவார். கட்டியிருப்பவர் உயிருள்ள மனுஷி என்பதால் வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்பார், வேலைக்கு நடுவில் அவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

எங்கள் பிரசவ அறையில் ஒத்திகை செய்தபோது, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் மருந்தை எடுக்கப் போனவர் திரும்பவே நேரமாகிவிட்டது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டிய மருந்து, ஃபிரிட்ஜோ வராந்தாவின் கடைசியில். இரத்தம் உறைய உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம் எந்த டிராயரில் என்று இரவு ஷிப்டில் யாருக்கும் தெரியவில்லை. பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரமாக, 1 கிராம் சிரை வழியாக ஏற வேண்டிய மருந்து அது! வகுப்பறையில் எல்லாம் மேசையிலேயே தயாராக இருக்கும், இந்தக் குறை வெளியே வந்தே இருக்காது. அப்புறம் ஃபிரிட்ஜை உள்ளே மாற்றினார்கள்.

சிரமங்களும் உண்டு. முடிந்ததும் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும். நடிக்கத் தெரிந்த பயிற்சியாளர் இல்லாவிட்டால் பாதிப் பயன் போய்விடும். பயிற்சிக்கு வைத்த காலி ஊசி மருந்துக் குப்பிகள் நிஜ மருந்தோடு கலந்துவிடாமல் தனி நிற லேபிள் ஒட்டுங்கள், நிஜமாகவே ஒரு தாய் வந்துவிட்டால் ஒத்திகையை அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள்.